சத்தம் போகும் இடம்

பிடிக்க வேண்டிய ஒன்றின் முதுகில் வழுக்குகிற ஒன்றைத் தடவுகிறோம் என்பது என் மனதில் சரியாக உட்கார்ந்ததே இல்லை. மோட்டார் சைக்கிளின் டிஸ்க் பிரேக்கைச் சொல்கிறேன். காலிபரைக் கழற்றித் தேய்ந்த பேடுகளை எடுத்துவிட்டுப் புதியவற்றை மாட்டும்போது, அவற்றின் பின்தகட்டில், பிஸ்டன் வந்து அழுத்தும் இடத்தில், சத்தம் வராமலிருப்பதற்கென்றே விற்கப்படும் ஒரு கிரீஸைப் பூசுகிறார்கள். பேடு என்பது இரண்டு பொருள்கள் ஒட்டிய துண்டு. முன்னால் டிஸ்க்கைக் கவ்வும் உராய்வுப் பொருள், பின்னால் அதைத் தாங்கும் இரும்புத் தகடு. இரண்டும் சேர்ந்து சுண்டுவிரல் பருமன்கூட வராது. அந்தப் பருமனுக்குப் பின்புறம் கிரீஸ் இருந்தால் வேலை சுத்தம் என்கிறோம். முன்புறம் கொஞ்சம் பட்டுவிட்டால் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது. உராய்வுப் பொருள் நுண்துளைகள் நிறைந்தது, எண்ணெய்ப் பசை பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். பெட்ரோல் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளில் தேய்த்து, அடுப்பில் வாட்டி அதை மீட்டுவிட்டதாகப் பட்டறைகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் நம்பியதில்லை, தூக்கியெறிவதுதான் சரி. ஆனால் இந்த ஆபத்து அல்ல என்னை அரித்துக்கொண்டிருப்பது. ஆபத்தைக் கவனமாக வேலை செய்து கடந்துவிடலாம். ஓர் இயந்திரம் கத்துகிறது, அதன் முதுகில் எதையோ தடவுகிறோம், கத்தல் நின்றுவிடுகிறது. நின்ற சத்தம் எங்கே போனது என்ற கேள்விதான் என்னை விடமாட்டேன் என்கிறது.

அந்தச் சத்தத்தைச் சற்று உற்றுக் கேட்க வேண்டும். வேகமாகப் போகும் வண்டியில் பெரும்பாலும் அது வராது. சிக்னலை நெருங்கி, லீவரை இரண்டு விரலால் லேசாகப் பிடித்து, வண்டி நிற்பதற்கு முந்தைய சில அடிகளில்தான் எழும். இரவு மழையில் நனைந்த வண்டியைக் காலையில் எடுத்தால், டிஸ்க்கின்மேல் படிந்த மெல்லிய துரு உரிகிற வரை நான்கைந்து தடவை கத்திவிட்டு ஓய்ந்துவிடும். பேடு கத்துகிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் அவ்வளவு பெரிய ஓசையைக் காற்றில் எழுப்பும் பரப்பு அந்தச் சின்னத் துண்டுக்குக் கிடையாது. ஒலிப்பது டிஸ்க். கோயில் சேகண்டியை யாரோ கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், நொடிக்கு இரண்டாயிரம் மூவாயிரம் முறை தட்டிக்கொண்டிருப்பது போல, அந்த எஃகு வட்டு தன் தளத்துக்குக் குறுக்காக நெளிந்து நெளிந்து அதிர்கிறது. தட்டுகிற கோல் எது என்றால் உராய்வுதான். ஆயிரம் ஹெர்ட்ஸில் தொடங்கிப் பத்தாயிரத்தையும் தாண்டிப் போகும் இந்த ஓசையில் ஒரு பகுதி, இரண்டாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடையில், மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் இடத்திலேயே வந்து விழுகிறது. தெருவே திரும்பிப் பார்ப்பதற்கு அதுதான் காரணம்.

வயலின்காரர் வில்லின் முடியில் ரோசின் தேய்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் உட்பக்கம் உடனே புரியும். அந்தப் பிசின் இல்லாவிட்டால் வில் தந்தியின்மேல் ஊமையாக வழுக்கிப் போகும். பிசின் தந்தியைப் பிடிக்கிறது, இழுக்கிறது, இழுவை தாங்காதபோது விட்டுவிடுகிறது, மறுபடி பிடிக்கிறது. இந்தப் பிடியும் விடுதலையும் நொடிக்குச் சில நூறு முறை நடந்தால் அது ஒரு சுரம். டிஸ்க்கிலும் இதே கதைதான் நடக்கிறது என்று நெடுங்காலம் நினைத்தார்கள். பிறகு 1961இல் ஸ்பர் என்ற ஆய்வாளர் வேறு ஒன்றைச் சொன்னார்: உராய்வின் அளவு மாறாமல் ஒரே சீராக இருந்தாலும்கூட, பேடு டிஸ்க்கின்மேல் சாய்ந்து ஊன்றுகிற கோணமே போதும், அது தன்னைத்தானே உள்ளே குத்திக்கொண்டு, நெம்பி எழுந்து, மீண்டும் குத்தி அதிரும் என்றார். அதற்குப் பின் வந்தவர்கள், டிஸ்க்கின் ஓர் அதிர்வையும் பேடின் ஓர் அதிர்வையும் உராய்வு ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது, பிணைந்த இரண்டும் சக்கரத்தின் ஓட்டத்திலிருந்தே ஆற்றலை உறிஞ்சி வளர்கின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 2003இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் இத்தனை விளக்கங்களையும் திரட்டி எழுதிய நீண்ட மதிப்பாய்வு ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரே விளக்கம் இன்னும் கைக்கு வரவில்லை என்பதுதான் அதன் நிலை. ஒரே ஆலையில் ஒரே நாளில் செய்த இரண்டு வண்டிகளில் ஒன்று கத்தும், இன்னொன்று கத்தாது. பட்டறைக்காரர் "அது அப்படித்தான் சார், சில வண்டிக்கு ராசி இல்லை" என்று சொல்லும்போது அவர் விஞ்ஞானத்தை விட்டு அப்படியொன்றும் தூரமாகப் போய்விடவில்லை.

கிரீஸ் இதில் என்ன செய்கிறது? உராய்வைக் குறைக்கிறது என்று நினைப்பது தவறு. உராய்வு நடக்கும் முகத்துக்கும் அதற்கும் தொடர்பே இருக்கக் கூடாது. பின்தகடும் பிஸ்டனும் இரும்போடு இரும்பாகத் தொடும் இடத்தில் அது ஒரு மெத்தென்ற படலமாக உட்கார்ந்துகொள்கிறது. அதிர்வு அந்தப் படலத்தைக் கடக்கும்போது அதன் பிசுபிசுப்பில் சிக்கி, ஓசையாக வெளியேற வேண்டிய ஆற்றலின் ஒரு பங்கு அங்கேயே நுண்ணிய வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. அதைவிட முக்கியமான வேலை பேடின் காதுகளில் நடக்கிறது. பேடின் இரு முனைகளும் பிராக்கெட்டில் ஒரு பள்ளத்துக்குள் முன்னும் பின்னும் நகர வேண்டும். லீவரை விட்டதும் பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர விளிம்பு ரப்பர் சீல் தான் முறுக்கிக்கொண்ட அளவுக்குத் திரும்பும். அந்த நூலிழைத் தூரம்தான் பேடுக்கும் டிஸ்க்குக்கும் கிடைக்கிற ஓய்வு. காதுகளில் துருவும் பிரேக் தூளும் ஏறிவிட்டால் அந்த ஓய்வு கிடைக்காது. பேடு கோணலாக நின்று உரசிக்கொண்டே இருக்கும், சூடாகும், முகம் கண்ணாடி போலப் பளபளத்துப் போகும், கத்தும். அதனால் பள்ளத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டிச் சுத்தம் செய்தபின், காதுகளில் விரல் நுனியில் மினுமினுப்புத் தெரிகிற அளவுக்கு மட்டும் ஒரு பூச்சு. காலிபர் நகர்கிற சிலைடிங் பின்னுக்கு அதன் ரப்பர் உறைக்குள் ஒரு பூச்சு. அவ்வளவுதான். நகர வேண்டியது நகர்வதற்காகவே இந்தக் கிரீஸ். அது நகர்ந்தால்தான் பிடிக்க வேண்டியது நேராகப் பிடிக்கும். இதைப் புரிந்துகொண்டபோது என் உறுத்தலில் பாதி கரைந்தது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

மீதிப் பாதிக்கு ஒரு காரணம், நம் பட்டறைகளில் அந்த இடத்தில் உண்மையில் பூசப்படுவது எது என்பது. அலமாரியில் ஒரு டப்பா ஏபி-3 கிரீஸ் திறந்தபடி இருக்கும். வீல் பேரிங்குக்கு அதுதான், செயின் ஸ்பிராக்கெட் புஷ்ஷுக்கு அதுதான், சென்டர் ஸ்டாண்டுக்கும் அதுதான். பையன் அதில் விரலை விட்டு எடுத்து, "அண்ணே, இது போதுமா?" என்று கேட்டுவிட்டு, பேடின் முதுகில் வழித்துவிடுகிறான். சத்தம் அன்றைக்கு நின்றுவிடும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது லித்தியம் சோப்பும் தாது எண்ணெயும் கலந்த சரக்கு. நூற்றெண்பது டிகிரியைத் தாண்டும்போது இளகி ஒழுகத் தொடங்கும். கொல்லிமலையிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளைப் பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்குகிற ஒரு வண்டியின் டிஸ்க் அந்தச் சூட்டை எட்டுவது பெரிய காரியமே அல்ல. ஒழுகுகிற கிரீஸ் எந்தப் பக்கம் போகும் என்பது அதன் விருப்பம். ஒழுகாவிட்டாலும் வேறொரு வேலையைச் சத்தமில்லாமல் செய்யும். பிரேக் ஆயிலைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட ரப்பர் சீல்களுக்குத் தாது எண்ணெய் ஆகாது. பட்டால் ஊதிப் பருக்கும். பருத்த சீல் பிஸ்டனைத் திரும்ப விடாது. பிரேக் இழுத்துக்கொண்டே நிற்கும். சத்தத்துக்கென்று செய்யப்பட்ட சிலிக்கான் கிரீஸும் செராமிக் கிரீஸும் சின்னச் சின்ன டியூபில் ஏபி-3யைவிடப் பல மடங்கு விலையில் வருவது இதனால்தான். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே பிசுபிசுப்பு, தருவதும் ஒரே அமைதி. எது எந்த அமைதி என்று வண்டி ஓட்டுகிறவருக்குத் தெரிய வழியில்லை.

சத்தம் ஒரு செய்திதானே, அதை அடக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் அந்தப் பக்கம் சாய ஆசைதான். பல கார்களின் பேடில் ஒரு சின்ன எஃகு நாக்கு வைத்திருப்பார்கள். பேடு தேய்ந்து சில மில்லிமீட்டர் மிஞ்சும்போது அந்த நாக்கு டிஸ்க்கில் பட்டுக் கீச்சிடும். கத்துவதற்காகவே செய்யப்பட்ட உறுப்பு அது. மோட்டார் சைக்கிளில் பொதுவாக அது கிடையாது. பேடின் முகத்தில் ஒரு கோடு வெட்டியிருப்பார்கள், அந்தப் பள்ளம் மறைந்தால் மாற்ற வேண்டும். ஆக, காரோட்டியின் காதிடம் சொல்லப்படுவது நம்மிடம் கண் வழியாகச் சொல்லப்படுகிறது, அதுவும் குனிந்து பார்த்தால்தான். நாம் குனிவதில்லை. காதுக்கு எட்டினால் மட்டுமே பட்டறைக்குப் போகிறோம். அப்படியென்றால் கத்தலைச் செய்தி என்று மதிப்பதுதானே நியாயம்? ஆனால் இங்கேதான் சிக்கல். கீச்சென்று கத்துகிற பிரேக் பெரும்பாலும் ஒழுங்காகவே பிடிக்கிறது. அந்த ஓசை பிடிமானத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. புத்தம் புதிய பேடு கத்தும். முக்கால்வாசி தேய்ந்த பேடு வாயே திறக்காது. முழுதும் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசும்போது வருவது வேறு ஓசை, கரகரவென்று அடித்தொண்டையில் வருவது. அதை எந்தக் கிரீஸாலும் அடக்க முடியாது. அப்படியானால் கீச்சொலி பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. நோயாளியும் கத்துகிறான், நோயில்லாதவனும் கத்துகிறான். இரண்டையும் பிரித்தறியக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. கிரீஸ் பூசுவதாக இருந்தாலும் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பது ஓர் ஆறுதல். கழற்றிய கை பார்க்கவும் செய்ததா என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம்.

டிஸ்க் பிரேக்கின் பிறப்பிலேயே இந்தக் கத்தல் இருந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் கார் செய்துகொண்டிருந்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். உலோக வட்டு ஒன்றை இருபுறமும் செம்பு பதித்த தாடைகள் கவ்வும். உலோகத்தோடு உலோகம் உரசி எழுந்த அலறலை யாராலும் தாங்க முடியவில்லை. அந்த அலறலை அடக்கியது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ். டெர்பிஷயர் மலைச்சரிவுகளில் குதிரை வண்டிக்காரர்கள் பழைய பூட்ஸைச் சக்கரத்தில் முட்டுக்கொடுத்து இறங்குவதைப் பார்த்து 1897இல் பிரேக் கட்டைகள் செய்யக் கிளம்பியவர் ஹெர்பர்ட் ஃப்ரூட். அவர்தான் பின்னாளில் கல்நார் நூலில் நெய்த லைனிங்குகளைக் கொண்டுவந்தார். சூடு தாங்கியது, நெடுநாள் உழைத்தது, சத்தமும் அடங்கியது. 1924 மார்ச்சில் ராச்டேல் என்ற ஊரில் நெல்லி கெர்ஷா என்ற பெண் முப்பத்துமூன்று வயதில் இறந்தார். கல்நார் ஆலையில் பச்சைக் கல்நாரை நூலாக நூற்றவர். அவருடைய நுரையீரலை ஆராய்ந்த வில்லியம் குக் என்ற மருத்துவர் அதில் கல்நார்த் துகள்களைக் கண்டு மருத்துவ இதழில் எழுதினார். கல்நார் நோயால் நேர்ந்தது என்று மருத்துவ ஏட்டில் பதிவான முதல் மரணம் அதுதான். ஆலை நிர்வாகம் நஷ்டஈடு தரவில்லை. அந்த 1920களிலேயே ஃப்ரூடின் பிரேக் லைனிங் நிறுவனமும் அதே ஆலையின் குழுமத்துக்குள் வந்து சேர்ந்தது. சாலையில் அடங்கிய சத்தம் ஒருத்தியின் மூச்சுக்குள் போய் உட்கார்ந்தது என்று எழுதினால் மிகை என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் ஊரில் டிரம் பிரேக்கைத் திறந்ததும் உள்ளே இருக்கும் கரிய தூளை வாயால் ஊதுகிற, இல்லை ஏர் பைப்பைப் பிடித்து அடிக்கிற பையன்களை நான் பார்க்கும்போதெல்லாம் ராச்டேல் நினைவுக்கு வந்துவிடுகிறது. தலைக்கு மேலே கூரையாக இருப்பதும் பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்தான்.

கல்நாரைக் கைவிட்டபின் அந்த இடத்தை நிரப்ப வந்தவற்றுள் ஒன்று, லான்செஸ்டரிடம் அலறிய அதே செம்பு. இம்முறை தகடாக அல்லாமல் தூளாகவும் இழையாகவும் பேடின் கலவைக்குள் போனது. சூட்டைப் பரப்பியது, அதிர்வைக் குறைத்தது, நல்ல பிள்ளையாக இருந்தது. ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் அதில் ஒரு துளி தூளாகிச் சாலையில் விழுந்தது. மழை அதை ஆற்றுக்குக் கொண்டுபோனது. நீரில் கரைந்த செம்பு சால்மன் மீன்களின் மோப்பத்தைக் கெடுக்கிறது என்று கண்டறிந்தார்கள். பிறந்த ஓடையை மோப்பத்தால் தேடித் திரும்பும் மீன் அது. 2010இல் அமெரிக்காவின் வாஷிங்டன், கலிஃபோர்னியா மாநிலங்கள் சட்டம் போட்டன. கலிஃபோர்னியாவில் 2021 முதல் பேடில் செம்பு ஐந்து சதவீதத்துக்கு மேலும், 2025 முதல் அரை சதவீதத்துக்கு மேலும் இருக்கக் கூடாது. பிரேக் பிடிப்பதற்கும் மீன் வழி தவறுவதற்கும் இடையில் இப்படி ஒரு நூல் ஓடும் என்று எந்தப் பொறியாளர் நினைத்திருப்பார்? இதையெல்லாம் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது பின்தகட்டில் பூசும் அந்த மெல்லிய சிலிக்கான் படலம் எனக்குப் பெரிய குற்றவாளியாகத் தெரியவில்லை. இந்த அமைதிக்காக இதுவரை கொடுக்கப்பட்ட விலைகளில் மிகக் குறைந்தது அதுவாகத்தான் இருக்கும். அதிர்வை வாங்கித் தனக்குள்ளேயே சூடாக்கி முடித்துக்கொள்கிறது. வேறெங்கும் அனுப்புவதில்லை. ஆனாலும், குறைந்த விலையில் கிடைக்கிற அமைதியை நாம் எவ்வளவு யோசிக்காமல் வாங்குகிறோம் என்ற உறுத்தல் அப்படியே இருக்கிறது.

இனி இந்தக் கத்தல் இன்னும் தெளிவாகக் கேட்கப் போகிறது. ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் இருந்து இறங்கும் மின்ஸ்கூட்டர்களில் இன்ஜின் சத்தம் கிடையாது. இத்தனை காலம் அந்த இரைச்சலுக்குள் ஒளிந்திருந்த சின்னச் சின்ன ஓசைகள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. அவற்றில் பெரியது பிரேக்கினுடையது. போதாததற்கு மோட்டாரே வண்டியின் வேகத்தைக் குறைத்து மின்சாரத்தைத் திருப்பி எடுத்துக்கொள்வதால் பேடுக்கு வேலை குறைவு. வேலையில்லாத பிரேக்கின் டிஸ்க் துருவேறும், காதுகள் இறுகும், என்றாவது அவசரத்துக்குப் பிடிக்கும்போது கத்தும். ஐரோப்பாவில் இன்னொரு பக்கம் 2021 ஜூலை முதல் புதிதாக விற்கும் மின்கார்கள் மெல்லப் போகும்போது செயற்கையாக ஓசை எழுப்ப வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. பார்வையற்றவர்களும் நடந்து போகிறவர்களும் வண்டி வருவதை அறிய வேண்டுமே. வாகனங்கள் எழுப்ப வேண்டிய சத்தம் எது, எழுப்பக் கூடாத சத்தம் எது என்று பிரித்துவைக்கும் இந்த வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று தோன்றுகிறது. கீச்சொலியை யாரும் வேண்டிய பக்கத்தில் வைக்கப் போவதில்லை. சேர்த்துவைக்கச் சொல்லி நானும் வாதாடமாட்டேன்.

நான் வாதாட நினைப்பது பட்டறையில் கழிகிற அரை மணி நேரத்துக்காக. "கத்துதுண்ணே" என்று வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியதும் டியூபை எடுக்காமல், "காலையில மட்டுமா, நாள் பூராவுமா? பேடு மாத்தி எவ்வளவு நாளாச்சு? தண்ணியில இறக்குனீங்களா?" என்று கேட்கிற மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். பேடைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். முகம் பளபளத்திருந்தால் சமதளத்தில் உப்புத்தாளை விரித்து எட்டு எட்டாகத் தேய்ப்பார்கள். விளிம்பைச் சாய்வாக உரசிவிடுவார்கள். பிஸ்டனை விரலால் உள்ளே தள்ளி அது தடையில்லாமல் போகிறதா என்று பார்ப்பார்கள், டிஸ்க்கை ஆல்கஹாலில் துடைப்பார்கள், காதுப் பள்ளத்தைச் சுரண்டுவார்கள். கையைத் துடைத்துக்கொண்டு கடைசியாகத்தான் கிரீஸ், அதுவும் வேண்டுமென்றால் மட்டும். பாதிக்கு மேல் அதற்குத் தேவையே வராது. ஆனால் பில்லில் இவ்வளவுக்கும் சேர்த்து ஒரே வரிதான் வரும்: பேடு மாற்றியது. கூலியும் அதற்குரியதுதான். பேடு மாற்றாமலே சத்தம் போய்விட்டால் அந்த ஒரு வரியும் இல்லை, "என்னண்ணே, சும்மா தொடச்சதுக்கா நூறு ரூபா?" என்று கேட்போம். பக்கத்துப் பட்டறைக்காரர் ஏபி-3யை வழித்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் அதே அமைதியைத் தருகிறார், இருபது ரூபாய்க்கு. நாளைக்கு யாரிடம் போவோம் என்பது இந்த இரண்டு மெக்கானிக்குகளுக்குமே தெரியும்.